வெப்பப் பெட்டியில் இருபதாவது நிமிடம்

என் இடது கண்ணின் இமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் அதுதான் எனக்குச் சோறு போட்டது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரியில், அதாவது கோழி முட்டைகளை மிஷினில் அடுக்கிக் குஞ்சு பொரிக்க வைக்கும் இடத்தில், நான் சூப்பர்வைசராக இருந்தேன். மிஷினுக்குள் சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நிற்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் இல்லை. ஆனால் பழைய ஆட்கள் அதை அவ்வளவாக நம்ப மாட்டோம். ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் வைப்போம். இமைத் தோல் மெல்லிசு. முட்டை சுட்டாலும் தப்பு, குளிர்ந்தாலும் தப்பு. வைத்ததே தெரியாமல் இருந்தால் சூடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். என் இமை தப்பாது என்று முதலாளியே வருகிறவர்களிடம் சொல்லிக் காட்டுவார். நானும் அந்தத் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. சேலத்தில் சூட்டு வைத்தியம் செய்துகொண்டு வந்தவன் என்று ஊரில் பேராகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுவதற்குள் நாலு பேர் வந்து விசாரிக்கிறார்கள். பொட்டிக்குள்ளே உட்கார வெச்சு வேக வெக்கறாங்களாமே, நிசமா என்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். பந்தியில் சொல்லாத ஒரு பாகமும் இருக்கிறது. அதை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

எல்லாம் போன வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை ஆரம்பித்தது. பால் வாங்கப் போனவன் மொபெட்டை நேராக ஹேச்சரிக்கு விட்டிருக்கிறேன். அந்த ஹேச்சரியை மூடி எட்டு வருடமாகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்தபோது, என் வீட்டுச் சாவியைத் துருப்பிடித்த ஷட்டர் பூட்டில் நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தேனாம். என்ன பண்றீங்க என்று கேட்டதற்கு, "உள்ளே லாட் பொரியற நேரம், ஷிப்டுக்கு வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். லாட் என்றால் ஒரே நாளில் மிஷினில் அடுக்கிய முட்டைகள். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டைத் திருகுவதற்கு முன்னால் நான் ஷட்டரில் காதை வைத்து வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேனாம். அந்தக் காலை எனக்குத் துளியும் நினைவில்லை. தூக்குப்போசியில் பால் இல்லாமல் வீட்டு வாசலில் நின்றதுதான் நினைவிருக்கிறது.

என் மனைவி தனம் அழவில்லை. அவளும் அதே ஹேச்சரியில் குஞ்சு எண்ணிப் பெட்டியில் போடும் வேலை பார்த்தவள். எதையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசுவாள். அடுத்த நாள் காலை பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துச் சேலத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

அங்கே மறதிக்கென்று தனியாகப் பார்க்கும் டாக்டரம்மா இருந்தார். என் மகளாக இருக்கக்கூடிய வயது. ஐந்து வார்த்தை சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாழை, ரயில், சாவி, மஞ்சள், கடல். அப்புறம் காகிதத்தைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இது ஒரு பெரிய வேலையா என்று வரைந்தேன். முடித்துப் பார்த்தால் பன்னிரண்டு எண்ணும் வலப்பக்கமாக ஒதுங்கி, இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஐந்து வார்த்தையை இப்போது சொல்லுங்கள் என்றார். சாவி மட்டும் வந்தது.

"பழசெல்லாம் எப்படி?" என்று தனத்தைக் கேட்டார். நான் விடுவேனா. "பழசு கல்லுல வெட்டுனாப்பல இருக்குதுங்க டாக்டர். இருவத்தி நாலு வருசத்துக்கு முன்னால இவ சந்தைக்குப் போயி மிஷின்ல பொரிச்ச பதினோரு வெள்ளைக் குஞ்சை நாட்டுக்கோழிக் குஞ்சுன்னு நெனச்சு வாங்கியாந்தா. ஹேச்சரியில வேல பாக்கறவளையே ஒருத்தன் ஏமாத்திப்புட்டான்" என்றேன். இந்தக் கதையைச் சொல்லி நான் அவளைக் கிண்டல் செய்யாத வருடமில்லை. டாக்டர் சிரித்தார். தனம் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, குடிக்காமலே மூடி வைத்தாள்.

ரத்தம், மூத்திரம், இருதய வரைபடம், காந்த ஸ்கேன் என்று இரண்டு நாள் ஓடியது. ஸ்கேன் குழாய்க்குள் தலையை நுழைத்ததும் யாரோ பறை அடிக்கிற மாதிரி இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தனம் கட்டிக்கொண்டு வந்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டோம். ஓசூரில் டிரெய்லர் லாரி வைத்திருக்கும் மகன் குமரேசன் வேளைக்கு ஒரு தடவை போனில் வந்தான். முன்பணம் அவன்தான் கட்டினான்.

முடிவை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ரொம்ப அதிகம். உடம்பில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் தசை அதற்குக் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. மூளைக்குள் போகும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களிலும் அதன் சேதம் தெரிகிறது. "இதைப் புத்தி கலங்கும் வியாதின்னு இன்னும் எழுதலைங்க ஐயா. அதுக்கு முந்தின படி. அடுத்த படிக்கு இறங்காம பிடிச்சு வைக்கணும்" என்றார். அந்த அடுத்த படிதான் எனக்கு முதலும் கடைசியுமான பயம். எங்கள் தெருவிலேயே ஒருவர், சொந்த மகனைப் பார்த்து நீ யாரு தம்பி என்று கேட்டுக்கொண்டே மூன்று வருடம் உயிரோடு இருந்தார்.

மாத்திரையோடு சேர்த்து வெப்ப வைத்தியமும் செய்து பார்க்கலாம் என்றார். உடம்பை வெளியிலிருந்து மெல்லச் சூடாக்கினால் ரத்தக்குழாய் விரியும், இருதயம் வேகமாக நடக்கிற மனிதனுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கும், செல்கள் சூட்டுக்குத் தற்காப்பாக ஒருவகைப் புரதத்தைச் செய்துகொள்ளும். அதனால் சர்க்கரை இறங்கலாம், மூளைக்கு ரத்தம் கொஞ்சம் நன்றாகப் போகலாம். முழங்கால் தேய்ந்து நடக்க முடியாதவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறார்கள். "குணமாகிடும்னு நான் சொல்லலை. இன்னும் ஆராய்ச்சியில இருக்கற விஷயம். வீட்டுல வெந்நியை ஊத்தி நீங்களா செஞ்சு பாக்கவும் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். நான் முப்பத்தோரு வருடம் சூட்டோடு குடித்தனம் நடத்தியவன். எனக்குப் பாடம் எடுக்கிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வாரம் மூன்று நாள், எட்டு வாரம். பெட்டி தேக்குப் பலகையில் செய்தது, ஒரு ஆள் உட்காரும் அளவு. உள்ளே மூன்று பக்கமும் சூடு தரும் தகடுகள். உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். தலை மட்டும் மேலே ஓட்டை வழியாக வெளியே நிற்கும், கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. முதல் நாள் எதிரே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, முட்டை ஓட்டை உடைத்துத் தலையை மட்டும் நீட்டியிருக்கும் குஞ்சு மாதிரி இருந்தேன். உள்ளே போகும்முன் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் பார்ப்பார்கள். எனக்குப் பாதம் மரத்துப்போயிருந்ததால் தோல் வெந்துவிடாமல் இருக்கப் பாதத்தையும் பார்ப்பார்கள். கைக்கு எட்டும் இடத்தில் மணி அடிக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. நாற்பது நிமிடம் முடிந்ததும் போர்வைக்குள் அரைமணி நேரம் படுக்க வைத்து, உப்புப் போட்ட மோர் தருவார்கள்.

மூன்றாவது நாள்தான் முதலில் கேட்டேன். டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக், டொக். எதிரே சுவர்க்கடிகாரம் இருபதாவது நிமிடத்தைக் காட்டியது. தலை வெளியே இருக்கிறது, காதும் வெளியே இருக்கிறது. ஆனால் சத்தம் பெட்டிக்கு உள்ளே, என் வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவிலிருந்து வந்தது. அது என்ன சத்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபதாவது நாள் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஓட்டைக் கொத்தும் சத்தம். முதல் கொத்துக்கும் இரண்டாவது கொத்துக்கும் இடையில் அது களைத்துப்போய் நிற்கும். இந்தச் சத்தமும் அப்படி நின்று நின்றுதான் வந்தது.

நர்ஸ் பெண்ணிடம் சொன்னேன். "தகடு சூடாகி விரியற சத்தம் தாத்தா, எல்லாருக்கும் கேக்கும்" என்றது. தாத்தா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. தகடு என்றது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அடுத்தடுத்த நாட்களிலும் அது பத்தொன்பதாவது நிமிடத்தில் வரவில்லை, இருபதாவதில்தான் வந்தது.

மோர் குடிக்கும் அறையில் நாங்கள் ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். தலையில் துண்டு, முகம் சிவந்திருக்கும், யாரும் பேச மாட்டார்கள். அதில் ராசிபுரத்து அம்மா ஒருவர், மாராயி என்று பெயர், பட்டுத்தறிக்காரர் குடும்பம். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, என் பக்கம் திரும்பி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டார். "ஏனுங்க, பொட்டிக்குள்ள உங்களுக்கு யாரு வாராங்க?"

மோர் டம்ளரை இறக்கினேன். "யாருன்னா?"

"எனக்கு எங்க மாமியா வாராங்க. கால்மாட்டுல உக்காந்து டொக்கு டொக்குனு வெத்தல இடிக்கறாங்க. போயிச் சேந்து இருவது வருசமாச்சுங்க. உசுரோட இருந்தப்பவும் எங்கிட்டப் பேச மாட்டாங்க. இப்பவும் பேசறதில்ல."

"நர்ஸுகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. தகடுன்னு சொல்லுது. இருக்கட்டுமுங்க. மாமியாளுக்குத் தகடுன்னு பேரு வெச்சா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அன்று பஸ்ஸில் தனத்திடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். உங்களுக்கு என்ன கேக்குது என்று அவள் கேட்டாள். முட்டை கொத்தற சத்தம் என்றேன். மல்லூர் தாண்டி ஆண்டகளூர் கேட் வரும்வரை அவள் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டு வந்தாள்.

பதினேழாவது நாளுக்கு முந்தின சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் கண்டது. விஷக்காய்ச்சல் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. சொன்னால் அன்றைக்குப் பெட்டி இல்லை என்பார்கள். நடுவில் விட்டால் பலன் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். மிஷினில் பாதியில் சூட்டை நிறுத்தினால் லாட் என்ன ஆகும் என்று தெரிந்தவன் புத்தி அப்படித்தான் போகும். காலையில் தனம் கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "ஒடம்பு சுடுதுங்க, இன்னிக்குப் போக வேண்டாம்" என்றாள். "அனல் வெயில் அடிக்குது, உனக்கு எல்லாமே சுடும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் காய்ச்சல் மாத்திரை இரண்டை விழுங்கினேன். சேலத்தில் நர்ஸ் நெற்றியில் கருவியைக் காட்டியபோது கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று இருபதாவது நிமிடத்தில் ஒரு சத்தம் வரவில்லை. பத்து வந்தது, அப்புறம் நூறு வந்தது. என் தொடைக்குக் கீழே, முதுகுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், எங்கும் கொத்தினார்கள். கொத்தினார்கள் என்றுதான் என்னால் எழுத முடிகிறது. அப்புறம் கீச் கீச்சென்று குரலும் வந்தது, மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி அமுங்கி. மூக்கில் சுண்ணாம்பு வாசம் அடித்தது. பொத்தானை அழுத்த நினைத்தேன். கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மற்றதை நர்ஸ் சொல்லித்தான் தெரியும். தலை சாய்ந்ததைப் பார்த்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தனம் ஓடி வந்து என் முகத்தில் கை வைத்திருக்கிறாள். நான் கத்தியிருக்கிறேன். "செத்துப்போச்சு. எல்லாம் செத்துப்போச்சு. கொண்டுபோயிக் குழியில கொட்டுங்க." எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். அவள் விரல் என் இடது இமைமேல் பட்டது. கிணற்றுத் தண்ணீரில் கிடந்த கல் மாதிரி அப்படிக் குளிர்ந்திருந்தது. தனம் செத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு பயம் என் வாழ்நாளில் வேறு எதற்கும் நான் பட்டதில்லை.

நான்கு நாள் படுக்கையில் இருந்தேன். உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போய், உள்ளே காய்ச்சலும் வெளியே பெட்டியும் சேர்ந்து வேக வைத்துவிட்டன. கையில் ஊசி, ஓயாமல் சலைன். டாக்டரம்மா வந்து மாத்திரை விழுங்கிய விஷயத்தைக் கறந்துவிட்டு, என் மகள் திட்டுகிற மாதிரி திட்டினார். எனக்கு மகள் இல்லை, இருந்தால் அப்படித்தான் திட்டியிருப்பாள். குமரேசன் ஓசூரிலிருந்து லோடை இன்னொருவனிடம் விட்டுவிட்டு வந்து, ஒரு நாள் இருந்து என் கால் நகங்களை வெட்டிவிட்டுப் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டது. தனம் என் நெற்றியைத் துடைத்தாள். விரல் இமையில் பட்டது. கை எப்போதும் போலத்தான் இருந்தது. அப்படியானால் அன்று குளிர்ந்தது அவள் கை இல்லை, கொதித்தது என் இமை. இதை யோசித்த அடுத்த மூச்சில் அந்தப் பழைய நாள் முழுசாக வந்து என்முன் நின்றது.

சித்திரை மாதம். விடிகாலையிலேயே கரண்ட் போயிருந்தது, ஜெனரேட்டர் ஓடவில்லை, காவல்காரர் தூங்கிவிட்டார். ஒரு டிராலி நிறைய முட்டை, நாலாயிரத்துக்கும் மேல், பத்தொன்பது நாள் முடிந்தது. எனக்கு அன்று நல்ல காய்ச்சல். தனம் குஞ்சு பிரிக்கும் அறையிலிருந்து வந்து, ஒடம்பு சுடுதுங்க, ஊட்டுக்குப் போங்க என்றாள். நான் போகவில்லை. ஒரு முட்டையை எடுத்து இமையில் வைத்தேன். குளிர்ந்திருந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மிஷினில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழு காட்டியது. அது கெட்டுப்போனது என்று சொன்னேன். என் இமை தப்பாது. லாட் செத்துவிட்டது, ஷெட்டுக்குப் பின்னால் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள் என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டேன். சித்திரை வெயிலில் மண் அடுப்பு மாதிரி காய்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பக்கம் போனவன், கால் வைத்த இடத்தில் நின்றுவிட்டேன். மண்ணுக்குள்ளிருந்து டொக், டொக். காய்ச்சலில் காது அடைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு அந்த நாளை நான் தொட்டதே இல்லை.

இது நடந்ததா? அதுதான் என் கேள்வியாக இருந்தது. கடிகாரத்தைப் பாதியாக வரைகிறவன், பூட்டின ஹேச்சரிக்கு ஷிப்டுக்குப் போகிறவன், இப்படி ஒரு நாளை முழுசாகக் கட்டிக்கொள்ள மாட்டானா. நடந்திருந்தால் நான் நாலாயிரம் உயிரை உயிரோடு புதைத்தவன், ஆனால் புத்தி சரியாக இருக்கிறது. நடக்கவில்லை என்றால் நான் பாவம் செய்யாதவன், ஆனால் அடுத்த படியில் கால் வைத்தாயிற்று. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஆள்தான் இருந்தாள்.

"ஏம்புள்ள, ஒரு சித்திரையில ஒரு லாட்டைக் குழியில கொட்டுனமே, நெனப்பிருக்குதா?"

தனம் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்படியொண்ணும் நடக்கலீங்க."

"ஷெட்டுக்குப் பின்னால குழி வெட்டுனாங்க. சுண்ணாம்பு போட்டாங்க."

"குழியுமில்ல, ஒண்ணுமில்ல. காச்சல்ல என்னமோ கெனாக் கண்டிருக்கறீங்க. தூங்குங்க." மடித்த துண்டை உதறி மறுபடியும் மடித்தாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுண்ணாம்பு வாசம்கூட மூக்கில் இருக்கிறது, அது பொய் என்றால் இனி எதை நான் நம்புவது. அன்று முழுக்க ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டுச் சரிபார்த்தேன். நமக்குக் கல்யாணம் எந்தக் கோயிலில், குமரேசன் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தான், உன் அம்மா பெயர் என்ன. எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றாள். குழிக்கு மட்டும் இல்லை என்றாள்.

அடுத்த நாள் காலை டாக்டரம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இல்லாத சத்தம் கேட்கிறது, நடக்காத நாள் தெரிகிறது. அவர் நிதானமாகக் கேட்டார். காய்ச்சலில் குழம்புவது சகஜம்தான், ஆனால் வாரக்கணக்காகச் சத்தம் கேட்கிறது என்றால் மனநல மருத்துவரும் பார்க்க வேண்டும், புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பிக்க வேண்டிவரும் என்றார். வண்டி ஓட்டக்கூடாது, தனியாக வெளியே போகக்கூடாது, வெப்ப வைத்தியத்தை நிறுத்திவிடலாம். "நோயோட நிலையை மாத்தி எழுதணுங்க ஐயா" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். எழுதுங்கம்மா என்றேன். வேறு என்ன சொல்ல. எனக்கு அழுகை முட்டியது, மீசையைத் தடவி அடக்கினேன்.

"எழுதாதீங்க அம்மா." தனம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "அது நடந்ததுதானுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். தனம் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, சலைன் பாட்டிலைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு இவுங்க காச்சலோட ஊட்டுக்குப் போயிட்டாங்க. நான் தண்ணி ஊத்தப் பின்னால போனேன். சத்தம் கேட்டுது. பொழுதோட ஆளுங்க போனதுக்கப்பறம் கையாலயே மண்ணப் பறிச்சேன். மேலாப்புல இருந்த முட்டைய ஒடச்சு, உசுரோட இருந்ததை மடியில போட்டுட்டு வந்தேன். பதினொன்னுதானுங்க கெடச்சுது. சந்தையில வாங்குனேன்னு சொல்லிட்டேன். இவுங்களுக்குத் தெரிஞ்சா சோறு எறங்காது. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேல போயிரும். இவுங்க புத்தி நல்லாத்தான் இருக்குதுங்க அம்மா. நான்தான் பொய் சொன்னேன், நேத்தும் சொன்னேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். அப்புறம், பழைய நினைவு ஒன்று திரும்பி வருவதற்கு வியாதி என்று பெயர் இல்லை, சத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டு வருவோம் என்றார். இருபத்தி நாலு வருடம் நான் அவளைச் சந்தையில் ஏமாந்தவள் என்று ஊர்முன் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தப் பதினொன்றுக்கும் நான்தான் இரண்டு வருடம் தவிடு பிசைந்து வைத்தேன். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்று வாரம் ஓய்வெடுத்த பின், காய்ச்சலை ஒளிக்க மாட்டேன் என்று தனத்தின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டு மிச்ச நாட்களுக்குப் பெட்டியில் உட்கார வைத்தார்கள். கேட்கிறவர்களுக்காகப் பலனையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையின் சராசரி ஓரளவு இறங்கியது. அது பெட்டியாலா, மாத்திரையாலா, தனம் சோற்றைக் குறைத்ததாலா என்று டாக்டரம்மாவே உறுதியாகச் சொல்லவில்லை. கடிகாரத்தில் எண்கள் சுற்றிலும் வந்துவிட்டன. ஐந்து வார்த்தையில் மூன்று வருகிறது. படி இறங்கவில்லை, இப்போதைக்கு அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்டு எதையும் செய்யாதீர்கள்.

கடைசி நாள் எல்லாப் பெட்டிகளிலும் புதுத் தகடு மாட்டியிருந்தார்கள். இனிமேல் சத்தமே வராது தாத்தா என்று நர்ஸ் சொன்னது. மாராயியம்மா அன்று மோர் குடிக்கும்போது, "எங்க மாமியா இன்னிக்கு வரலீங்க" என்று கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ராசிபுரத்தில் மாராயியம்மா இறங்கிக்கொண்டார். வெளியே கோழிப்பண்ணை ஷெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தனத்திடம் மெல்லச் சொன்னேன்.

"தகட்டை மாத்திட்டாங்க. இருந்தாலும் இருவதாவது நிமிசத்துல எனக்குக் கேட்டுது."

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். "பதினொன்னுக்கு மேல என்னால முடியலீங்க. இருட்டிப்போச்சு, வெரல்ல நகம் பேந்துபோச்சு. உள்ள இன்னும் கேட்டுட்டே இருந்துது. மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துட்டேன்." கையை மடியில் போட்டுக்கொண்டாள். "எனக்கும் கேக்குதுங்க. நான் எந்தப் பொட்டிக்குள்ளயும் போகல. சோறு வடிக்கறப்ப, துணி தொவைக்கறப்ப, இருவத்தி நாலு வருசமா கேக்குது."

மடியில் கிடந்த அவள் கையை எடுத்தேன். கண்ணை மூடி, அந்த விரல்களை என் இடது இமைமேல் வைத்தேன். வைத்ததே தெரியவில்லை.